வெட்டாத காது

இன்னும் கொஞ்சம் ஊற்றலாம் என்று வசந்தாமணி மக்கை மறுபடியும் ட்ரம்முக்குள் விட்டாள். தண்ணீர் குழந்தையின் கெண்டைக்காலில் விழுந்து, சோப்பு நுரையை இழுத்துக்கொண்டு, சிமெண்டுத் தரையில் சற்றுத் தயங்கி, மூலையிலிருந்த ஓட்டை வழியாகப் போனது. நுரை விலகியதும் அவை மறுபடியும் தெரிந்தன. மேலே இரண்டு, கீழே ஒன்று. கீழே இருப்பது வெறும் கோடு. மேலே இருப்பவைதான். அவற்றைப் பார்க்காமல் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றும். பக்கத்து வீட்டுக் குழந்தை, பள்ளிக்கூட லீவு, அதன் அம்மா பனியன் கம்பெனிக்குப் போயிருக்கிறாள், மண்ணில் ஆடிவிட்டு வந்த காலைக் கழுவிவிடுகிறாள் அத்தை, அவ்வளவுதான். பல் பட்டிருக்கிறது. பட்டது வேறு, கடித்தது வேறு. கடித்திருந்தால் சதை பிய்ந்திருக்கும், குழந்தை இப்படி ஒற்றைக்காலில் நின்று சுவரில் ஓடும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்காது. செவலை கடிக்கிற நாய் இல்லை. இதை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். வாடகை வாங்க வரும் வீட்டுக்காரரிடம், பால்காரரிடம், இந்தக் குழந்தையின் அம்மா முத்துப்பேச்சியிடம். சொல்லும்போதெல்லாம் செவலையின் தலை அவள் முழங்காலில் சாய்ந்திருக்கும், அதுவே சாட்சி போல. மக்கில் தண்ணீர் தீர்ந்த அந்த ஒரு கணத்தில் மேலே இருந்த இரண்டிலும் சிவப்பு மெல்ல ஊறி வந்து உருண்டு நின்றது. அவள் அவசரமாக அடுத்த மக்கை ஊற்றினாள்.

"குளுருது அத்தை" என்றாள் சஷ்டிகா.

"இரு கண்ணு. கொஞ்ச நேரம்."

"எங்கம்மாகிட்டச் சொல்ல மாட்டீங்கதானே?"

"மெதுவாப் பேசு. மாமா தூங்கறாங்க."

"சொன்னா அம்மா என்னைய அடிக்கும். செவலையையும் அடிப்பாங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் சென்னியப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். நிட்டிங் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த தூக்கம், மத்தியானம் முழுக்க நீளும். அவர் மூச்சு இழுத்து விடுவதும் தண்ணீர் விழுவதும் மாறிமாறிக் கேட்டன. அவர் எழுந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தாள். எழாமல் இருந்தால் தான் என்ன சொல்லப்போகிறோம் என்று யோசிக்கப் பயமாக இருந்தது. சோப்பை மறுபடியும் எடுத்து, விரல் நுனியால் அல்ல, உள்ளங்கையால் தேய்த்தாள். குழந்தை ஸ்ஸ் என்று காலை இழுத்தது. எரிகிறது. எரிந்தால் நல்லதா கெட்டதா? அந்தக் குரல் என்ன சொன்னது? போன வருஷம் தெருத்தெருவாக ஒரு ஆட்டோ வந்தது, மேலே ஒலிபெருக்கிக் குழாய் கட்டி. பதிவு பண்ணின பெண் குரல். நாய் கடித்தாலோ கீறினாலோ சிறிய காயம்தானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். அந்தக் குரல் பஸ் நிலையத்தில் பஸ் பெயர் சொல்லும் குரல் போலவே இருந்ததால் அவளும் பேச்சியும் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே சிரித்தார்கள். பேச்சி அதே ராகத்தில், அன்பார்ந்த நாய்களே, நீங்கள் கடிக்கும்முன் சோப்புப் போட்டு வாயைக் கழுவவும், என்று சொல்லி, வசந்தாமணிக்குச் சிரித்துச் சிரித்துக் கத்தரி கையில் நிற்கவில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்றது குரல். அதற்குப் பிறகு ஆட்டோ சந்தில் திரும்பிவிட்டது. கழுவ வேண்டும், அப்புறம்? அப்புறம் ஏதோ இருந்தது. கழுவிவிட்டால் போதும் என்றா சொன்னது? அப்படிச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு தண்ணீர் ஊற்றினால் உள்ளே என்ன இருக்கப்போகிறது? ட்ரம்மில் பாதி இறங்கிவிட்டது. உப்புத்தண்ணிதான், மோட்டார் போட்டால் வரும். மோட்டார் போட வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், எதற்கு இவ்வளவு தண்ணி என்பார். வெளியே பொதுக்குழாயில் கழுவியிருக்கலாம், அதுதான் ஓடும் தண்ணீர். ஆனால் அங்கே காலைக் காட்டிக்கொண்டு நின்றால் லைன் வீடு அத்தனையும் எட்டிப் பார்க்கும். அதனால்தான் உள்ளே தூக்கி வந்தாள். தூக்கி வந்தபோதே ஒளித்துவிட்டாள் என்று இப்போது தெரிந்தது. தாழ்ப்பாளையும் போட்டிருக்கிறாள்.

குழந்தை கேட்டது ஒரு குட்டியைத்தான். மாடிப்படிக்கு அடியில், பழைய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, நாலு குட்டி, கண் இப்போதுதான் திறந்திருக்கிறது. காலையிலிருந்து, ஒரேயொரு தடவை அத்தை, வெள்ளைக் குட்டி மட்டும் அத்தை, என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. குட்டி போட்ட நாய்கிட்டப் போகக் கூடாது என்று வசந்தாமணிதான் சொன்னாள். சொல்லிவிட்டு, அவ கடிக்க மாட்டா, ஆனாப் போகாதே, என்றாள். அந்த இரண்டாவது வாக்கியத்தை ஏன் சொன்னாள்? குழந்தைக்கு அதுதான் காதில் விழுந்திருக்கும். சாக்குப் போட்டு உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு முதலில் கேட்டது குழந்தையின் அலறல்கூட இல்லை, செவலையின் சத்தம். அப்படி ஒரு சத்தத்தை அவள் அதனிடம் கேட்டதே இல்லை. தொண்டைக்கு அடியிலிருந்து, மரம் அறுப்பது போல. போய்ப் பார்த்தபோது குழந்தை குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றது, செவலை காலடியில், வாய் மூடித் திறந்து. குட்டியை வாங்கிக் கீழே விட்டதும் செவலை அதைக் கவ்விக்கொண்டு உள்ளே போய்விட்டது. திரும்பி வந்து வாலை ஆட்டியது. வாலை ஆட்டியது என்பதை அவள் பிடித்துக்கொண்டாள். வெறி பிடித்த நாய் வாலை ஆட்டுமா? குட்டியைத் தொட்டால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? காரணம் இருக்கிறது. காரணத்தோடு கடித்தால் அது வெறி இல்லை. காரணத்தோடு கடித்தாலும் எச்சில் எச்சில்தானே என்று இன்னொரு பக்கம் ஏதோ சொல்லியது. அந்தப் பக்கத்துக்கு அவள் திரும்பவில்லை. தண்ணீர் ஊற்றினாள்.

மூன்று வாரம் முன்னால், அல்லது அதற்கும் முன்னால், வெளி நாய் ஒன்று தெருவுக்குள் வந்தது. கறுத்து மெலிந்த நாய், யாரையும் பார்க்காமல் சுவர் ஓரமாகவே ஓடியது. செவலை வயிறு தள்ளிக்கொண்டு வாசலில் படுத்திருந்தவள் எழுந்து போய் மோதினாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. பிடரியில் சின்னதாக ஒரு கிழிசல், வசந்தாமணிதான் மஞ்சள் அப்பிவிட்டாள். அந்தக் கறுப்பு நாய் பிறகு எங்கே போனது? அதை யாரும் மறுபடி பார்க்கவில்லை. அதன் வாயில் நுரை இருந்ததா? இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றுவதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ஓடி வந்த நாய்க்கு வாயில் எச்சில் வடியத்தான் செய்யும், வெயில் காலம். மற்ற நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே. மணியும் வெள்ளையனும் டெய்லர் கடை நாயும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அவற்றின் காதுகள் வெட்டுப்பட்டவை. அந்த எண்ணத்தின் மேல் கால் வைத்ததும் வழுக்கியது போல இருந்தது. இவ்வளவு நேரம் அதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தாள்.

நாலு மாதம் முன்னால், நாய் பிடிக்கிற வலை போட்ட வண்டி வருகிறது என்று முந்தின நாளே தெரிந்துவிட்டது. பிடித்துக்கொண்டு போகிற நாய் ஒன்றும் திரும்பாது, காட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்று ரேஷன் கடை வரிசையில் பேசிக்கொண்டார்கள். பெல்ட் போட்ட நாயைத் தொட மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். அன்றைக்குச் சாயங்காலமே அவள் மிஷினில் உட்கார்ந்து, பனியன் தோளுக்கு வைக்கிற சிவப்பு நாடாவை மூன்றாக மடித்து ஓட்டி, கிழிந்த ஸ்கூல் பையிலிருந்து பக்கிளைப் பிய்த்து வைத்து, ஒரு பெல்ட் தைத்தாள். செவலை கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மறுநாள் வண்டிக்காரப் பையன்கள் வாசலில் நின்று, வீட்டு நாய்ங்களாக்கா, என்று கேட்டார்கள். ஆமாங்க. வெறிநாய் ஊசி போட்டாச்சுங்களா? போட்டாச்சுங்க. அவ்வளவுதான், போய்விட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு அவள் செவலையைக் கட்டிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து அதே வண்டியில் மணியும் வெள்ளையனும் மற்றதெல்லாம் திரும்பி வந்து குதித்தன. குட்டி போடாமல் இருக்க ஆபரேஷன், வெறி வராமல் இருக்க ஊசி, அடையாளத்துக்குக் காதில் ஒரு சின்ன வெட்டு. தெருவிலேயே காது முழுசாக இருந்த நாய் செவலை ஒன்றுதான். அது அழகாக இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தாள். பெல்ட்டோடு அலைகிற நாயைப் பார்த்து, வசந்தாமணி அக்கா தனியா டாக்டர்கிட்டயே கூட்டிப்போய் ஊசி போட்டிருக்காங்க என்று தெருவில் பேச்சு. அவள் இல்லையென்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள். அப்புறம் வயிறு தெரிந்தது, சினையாக இருக்கும்போது எதற்கு என்று இருந்தாள். அன்றைக்கு வண்டியில் ஏற்றியிருந்தால் குட்டி இல்லை. குட்டி இல்லாவிட்டால் இந்தக் கால் இப்படி இருக்காது.

"அத்தை, தண்ணி தாகம்" என்றது குழந்தை.

அவள் மக் பிடித்த கை அப்படியே நின்றது. உள்ளே போய்ச் சொம்பில் நல்ல தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். குழந்தை அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தது. தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பைத்தியம். இப்போது கடித்தது இப்போதேவா. அது வருவதற்கு நாளாகும், மாதமாகும், எல்லோரும் மறந்த பிறகு வரும். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது வராந்தாக் கடைசியில் ஒரு அறை. கதவை ஒருக்களித்து வைத்திருப்பார்கள். சித்திரை மாதம், வார்டு முழுக்க ஃபேன் சுற்றியும் வேர்த்துக் கொட்டியது, அந்த அறையில் மட்டும் ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். காற்று பட்டால் உள்ளே படுத்திருந்தவருக்குத் தொண்டை இழுக்குமாம். யாரோ அவசரமாகக் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. அவருடைய சம்சாரம் வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கையில் டம்ளர், மேலே ஒரு தட்டு போட்டு மூடி. தண்ணியக் கண்ணுல காட்டக் கூடாதுங்கறாங்க, ஆனாத் தண்ணி தண்ணிங்கறார், என்றாள். என்னங்க ஆச்சு என்று கேட்டதற்கு, எங்க பட்டி நாய்தானுங்க, வளத்த நாய், சும்மா பல்லுப் பட்டுதுங்க, என்றாள். பட்டுது. அவளும் பட்டுது என்றுதான் சொன்னாள். அந்த மனிதர் கடைசிவரை நினைவோடு இருந்தாராம். மறுநாள் விடிந்தபோது அந்த அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான். கழுவியவுடன். ஆட்டோ சந்தில் திரும்பிய பிறகும் சுவர் தாண்டிக் கேட்டது, கேட்காதது போல இவ்வளவு நேரம் வைத்திருந்தாள். மக்கை ட்ரம் விளிம்பில் வைக்கப்போனபோது கதவுக்கு வெளியே தொண்டையைச் செருமும் சத்தம்.

"என்ன புள்ள, எத்தனை நேரமாத் தண்ணி ஊத்தறே? தாழ்ப்பாள எடு."

எடுத்தாள். சென்னியப்பன் கைலியை இறுக்கிக்கொண்டு நின்றார். குழந்தையின் காலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கேட்கவே தேவையில்லாமல் போனது.

"நம்முளுதா?"

தலையாட்டினாள்.

"குட்டியத் தூக்குச்சாக்கும்." குனிந்து பார்த்தார். "அட, இத்தினியூண்டு. இதுக்குப் போயி ட்ரம்மையே காலி பண்ணிட்டியே. காப்பிப்பொடி வெச்சு அமுக்கு, நின்னு போகும்."

"காப்பிப்பொடி வெக்கக் கூடாதுங்க. ஒண்ணும் வெக்கக் கூடாது. ஊசிதான் போடோணும்."

"பேச்சிகிட்டச் சொல்லுவியா?"

அவள் குனிந்து காலில் இன்னொரு மக் ஊற்றினாள்.

"சொன்னா என்னாகும்னு தெரியுமல்லோ. வீட்டுக்காரன்கிட்ட அது நம்ம நாய் இல்லீன்னு சொல்லி வெச்சிருக்கறே. வண்டிக்காரன்கிட்ட நம்ம நாய்னு சொல்லி வெச்சிருக்கறே. சாயங்காலத்துக்குள்ள அதை அடிச்சுப் போட்டுருவானுக, குட்டியோட." குரலைத் தணித்துக்கொண்டார். "ஊசி போட்ட நாய்னுதானே ஊரே நினைச்சுட்டிருக்குது. நினைச்சுட்டுப் போகட்டும். நீ வாயத் திறக்காம இருந்தாப் போதும்."

"மாமா, அத்தை சொல்ல மாட்டாங்க" என்றது குழந்தை. "எங்கிட்டச் சொல்லிட்டாங்க."

நான் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்று எப்போது சொன்னேன், பேசாமல் இருந்தேன் அவ்வளவுதான் என்று நினைத்தாள். பேசாமல் இருப்பதே சொன்னதாகிவிடுகிறது. பெல்ட் விஷயத்திலும் அப்படித்தான். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், எல்லாம் தானாக நடந்துவிடும். ராத்திரி பேச்சி காலைப் பார்த்துக் கேட்டால் ஆணி கீறிவிட்டது என்று குழந்தையே சொல்லிவிடும். ஒரு வாரத்தில் தழும்புகூட இருக்காது. செவலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், சோறு தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, கண் எப்படி இருக்கிறது. நன்றாக இருந்தால் ஒன்றுமில்லை. நன்றாக இல்லாவிட்டால்? நன்றாக இல்லை என்று தெரிகிற அன்றைக்கு இந்தக் காலுக்குள் அது எவ்வளவு தூரம் ஏறியிருக்கும்? கெண்டைக்காலிலிருந்து குழந்தையின் தலை எவ்வளவு தூரம்? சின்ன உடம்பு. இடுப்பு வரைக்கும்கூட வரமாட்டாள். பக்கத்தில் நிற்கிற குழந்தையின் உச்சந்தலையைப் பார்த்தாள், வகிடு கோணலாக இருந்தது, காலையில் அவள்தான் எடுத்துவிட்டாள்.

வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்டது. இவ்வளவு சீக்கிரம் வரமாட்டாளே. "ஏட்டி, சஷ்டி" என்று பேச்சியின் குரல் உள்ளே வந்தது. "கரண்டு இல்லன்னு கம்பெனியில விட்டுட்டாவ. யக்கா, எங்க இருக்கிய?" பேச்சி பாத்ரூம் வாசலுக்கே வந்துவிட்டாள், தலையில் பஞ்சுத் தூசி, கையில் டிபன் கேரியர். ஈரத் தரையில் நிற்கும் மூன்று பேரையும் பார்த்துச் சிரித்தாள். "என்ன, மூணு பேரும் சேந்து கோயில் குளத்துல முங்குதியளா?" பிறகு காலைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை.

"என்னது இது?"

"ஆணி" என்றது குழந்தை.

"ஆணி மூணு எடத்துலயா குத்தும்? எந்த நாயி?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார் சென்னியப்பன். "குட்டியத் தொட்டிருக்கறா, செவலை லேசா வாய் வெச்சிருச்சு. பயப்படாதே."

பேச்சி அவரைப் பார்க்கவில்லை. "யக்கா. அதுக்கு ஊசி போட்டிருக்கியள்லா?"

"போட்டிருக்குதம்மா, பெல்ட்டுப் போட்ட நாய்தானே" என்றார் அவர்.

பேச்சியின் தோள் கொஞ்சம் இறங்கியது. அதை வசந்தாமணி பார்த்தாள். டிபன் கேரியரைத் தரையில் வைக்கக் குனிந்தாள் பேச்சி, குனிந்துகொண்டே, "அப்பம் சரி, நான் பயந்தே போனேன், யாத்தீ" என்றாள். இதோடு முடிந்தது. வசந்தாமணி எதுவும் செய்ய வேண்டியதில்லை. குழந்தையின் காலைத் துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுத்தால் போதும், எல்லோரும் வெளியே போய் டீ குடிக்கலாம். துண்டு கொடியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. படிக்கு அடியில் குட்டிகள் முனகுவது கேட்டது.

"போடலை."

"என்னது?"

"ஊசி போடலை பேச்சி. எப்பவுமே போடலை. பெல்ட் நான் தைச்சது."

சென்னியப்பன், "ஏய்" என்றார்.

பேச்சி நிமிர்ந்தாள். அடிப்பாள் என்று வசந்தாமணி நினைத்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும். பேச்சி மக்கைப் பிடுங்கிக் குழந்தையின் காலில் தானே ஊற்ற ஆரம்பித்தாள். "எவ்வளவு நேரமாக் கழுவுதிய?" என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது.

"கால் மணிக்கு மேலயே இருக்கும். சோப்புப் போட்டு."

"அப்பம் வேற எதுக்கு நிக்கிய? ஆட்டோவக் கூப்பிடுங்க."

வசந்தாமணி செருப்பில்லாமல் தெருமுனைக்கு ஓடினாள். ஆட்டோ வாசலில் வந்து நின்றபோது பேச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது, வலிக்கு இல்லை, வசந்தாமணியைப் பார்க்காமல் அழுதது. பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று திறந்தது. சென்னியப்பன் மாடிப்படிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், செவலையைக் காப்பதற்கா பிடிப்பதற்கா என்று தெரியவில்லை. "அதை ஒண்ணும் பண்ணிராதீங்க" என்று வசந்தாமணி அவரைப் பார்த்துச் சொன்னாள். "கட்டி மட்டும் வைங்க. டாக்டர் நாயைப் பாத்துட்டே இருக்கச் சொல்லுவாங்க. கிட்டப் போறப்பக் கையில துணி சுத்திக்கங்க." திறந்த கதவிலிருந்து யாரோ, என்னாச்சு, எந்த நாய், என்று கேட்டார்கள். அவளுக்கு அங்கேயே நிற்க வேண்டும் போல இருந்தது, படிக்கு முன்னால், எல்லோரும் வருவதற்குள்.

"ஏறுங்க" என்றாள் பேச்சி ஆட்டோவுக்குள்ளிருந்து.

"நானா?"

"டாக்டரு கேப்பாவ. எந்த நாயி, எப்பம் கடிச்சுது, அதுக்கு என்ன கொணம்னு. எனக்கு என்ன தெரியும், எனக்குப் பெல்ட்டுதான தெரியும்."

ஏறினாள். வண்டி திரும்பியபோது பின்னால் பேச்சுக் குரல்கள் சேர்வது கேட்டது. திரும்பினால் தெரியும், திரும்பவில்லை. குழந்தையின் கால் பேச்சியின் மடியிலிருந்து நீண்டு, எதன் மேலும் படாமல், இருவருக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பிடித்துக்கொள்ளலாமா என்று வசந்தாமணி கையைக் கொண்டுபோய்ப் பாதியில் வைத்துக்கொண்டாள். கறுப்பு நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிடரிக் கிழிசலைப் பற்றி. மஞ்சள் அப்பியதைப் பற்றி. எங்கிருந்து தொடங்குவது என்று அடுக்கிப் பார்த்தாள், எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

"யக்கா" என்றாள் பேச்சி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "அங்க வந்து அந்த டாக்டருக்கு முன்னால மாத்திப் பேசிராதிய."

"மாட்டேன்."

"என்ன சொல்லுவிய?"

"போடலைன்னு."

எஞ்சின் சத்தத்தில் அது பேச்சிக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தாள். டிரைவரும் கண்ணாடியில் பார்த்தார். வசந்தாமணி சத்தமாக, மறுபடியும் சொன்னாள்.